பவரா, டார்க்கா? கார் விளம்பரத்துக்குள் குதிரையைக் கொண்டுவந்த ஜேம்ஸ் வாட்டின் கதை

புது கார் வாங்க ஷோரூம் போனால் கையில் ஒரு வழவழப்பான தாளைக் கொடுப்பாங்க. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரி இருக்கும். ஒன்று மேக்ஸிமம் பவர், இன்னொன்று மேக்ஸிமம் டார்க். பவர் எத்தனை குதிரை என்று பெருமையாகச் சொல்வார் விற்பனையாளர். டார்க் வரியை வேகமாகத் தாண்டிப் போவார். ஆனால் வீட்டுக்கு வந்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது, நீங்க காலில் உணர்வது அந்த இரண்டாவது வரியைத்தான்.

பெட்ரோல் கார், டீசல் கார், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் குதிரைக்கணக்கு எப்படி வந்தது? அதைக் கொண்டுவந்தவர் கார் ஓட்டியவர் இல்லை. கார் என்ற ஒன்று வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்பே இறந்துவிட்டவர். அவருக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு பில் போடும் வழி. ஜேம்ஸ் வாட்டின் வாழ்க்கையைப் பார்த்தால், பவர் பெருசா டார்க் பெருசா என்ற இன்றைய சண்டைக்கும் விடை கிடைத்துவிடும்.

கெட்டில் கதையை விட்டுடுங்க

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கிரீனாக் என்ற துறைமுக ஊர். 1736 ஜனவரியில் அங்கே பிறந்தார் வாட். அப்பா கப்பல் கட்டுவது, கப்பல் சாமான் விற்பது என்று பல தொழில் செய்தவர். பையன் நோஞ்சான். கடும் தலைவலியும் சோர்வும் வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. பள்ளிக்கூடத்தைவிட அப்பாவின் பட்டறையில்தான் அதிகம் கற்றார்.

அடுப்பில் கொதிக்கும் கெட்டிலின் மூடி துள்ளுவதைப் பார்த்து நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது அழகான கதை, அவ்வளவுதான். வாட் பிறப்பதற்கு 24 ஆண்டுக்கு முன்பே, 1712-ல், தாமஸ் நியூகோமன் என்பவர் செய்த நீராவி எஞ்சின் இங்கிலாந்தில் சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது.

அம்மா இறந்துபோனார், அப்பாவின் வியாபாரமும் சரிந்தது. பையன் கைத்தொழிலை நம்பவேண்டிய நிலை. அளவைக் கருவிகள் செய்யக் கற்க 1755-ல் லண்டன் போனார். ஏழு ஆண்டு கற்கவேண்டிய தொழிலை ஒரே ஆண்டில் கற்றார். ஊர் திரும்பி கிளாஸ்கோவில் கடை போடப் பார்த்தால், முறைப்படி ஏழு ஆண்டு முடிக்காதவர் என்று தொழிலாளர் சங்கத்தின் அனுமதி கிடைக்கவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகம்தான் தன் வளாகத்துக்குள் 1757-ல் ஒரு அறை கொடுத்து, எங்கள் கருவிகளைப் பழுது பாரும் என்று உட்காரவைத்தது. ரிப்பேர் கடைதான். ஆனால் வாடிக்கையாளர்கள் எல்லாம் பேராசிரியர்கள்.

1763–64 குளிர்காலத்தில் அந்த மேஜைக்கு ஒரு பொம்மை வந்தது. வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமன் எஞ்சினின் சின்ன மாதிரி. ஓடினால் நாலைந்து அடி அடித்துவிட்டு நின்றுவிடும். ஏன் என்று வாட் தோண்டினார். அந்த எஞ்சினில் சிலிண்டருக்குள் நீராவியை விட்டு, அதே சிலிண்டருக்குள் குளிர்ந்த தண்ணீரைத் தெளிப்பார்கள். நீராவி சுருங்கும், வெற்றிடம் உண்டாகும், வெளிக்காற்று பிஸ்டனை உள்ளே தள்ளும். அடுத்த முறை சூடாற்றிய சிலிண்டரை மறுபடி சூடாக்கவே நீராவியில் பெரும்பகுதி செலவாகிவிடும். தோசைக்கல்லை ஒவ்வொரு தோசைக்கும் தண்ணீரில் முக்கி எடுத்துத் திரும்பவும் அடுப்பில் வைக்கிற மாதிரி.

1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளாஸ்கோவின் பெரிய புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது விடை தோன்றியது. நீராவியைச் சுருக்கும் வேலையைச் சிலிண்டரிலிருந்து பிரித்து, பக்கத்தில் ஒரு தனிக் கலத்தில் செய்தால் போதும். சிலிண்டர் எப்போதும் சூடாக இருக்கும், கலம் எப்போதும் குளிர்ந்திருக்கும்.

யோசனைக்கும் எஞ்சினுக்கும் நடுவே 11 ஆண்டு

யோசனை வந்த அன்றே பணம் கொட்டிவிடவில்லை. காற்றுப் புகாத சிலிண்டரை அன்றைய கொல்லர்களால் வார்க்க முடியவில்லை. முதல் கூட்டாளி ஜான் ரோபக் பணம் போட்டார். 1769-ல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் எஞ்சின் நகரவில்லை. குடும்பத்தைக் காப்பாற்ற வாட் கால்வாய் அளக்கும் வேலைக்குப் போனார். மழையிலும் சேற்றிலும் மாதக்கணக்கில் அலைச்சல்.

1773-ல் ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியில் அளந்துகொண்டிருந்தபோது, மனைவி மார்கரெட்டுக்குப் பிரசவத்தில் ஆபத்து என்று தகவல் வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அவர் இறந்துவிட்டார். அதே ஆண்டில் ரோபக்கும் திவாலானார். வாட்டுக்கு வயது 37. கையில் கடன், சின்னப் பிள்ளைகள், ஓடாத ஒரு எஞ்சின்.

ரோபக்கிடமிருந்து 1,200 பவுண்டு வரவேண்டியிருந்தவர் பர்மிங்ஹாம் தொழிலதிபர் மேத்யூ போல்டன். கடனுக்குப் பதிலாக அந்தக் காப்புரிமைப் பங்கை எடுத்துக்கொண்டார். மற்ற கடன்காரர்கள் பைசா பெறாது என்று நினைத்த பங்கு அது! 1774-ல் வாட் பர்மிங்ஹாம் போனார். அடுத்த ஆண்டு, காப்புரிமையை 1800 வரை நீட்டிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பீரங்கிக் குழாய் குடைவதில் கெட்டிக்காரரான ஜான் வில்கின்சன் சரியான சிலிண்டரைக் குடைந்து கொடுத்தார். 1776-ல் முதல் பெரிய எஞ்சின்கள் ஓடத் தொடங்கின.

வாட்டுக்கு பேரம் பேசவே பிடிக்காது, பயம். போல்டனுக்கு அதுதான் மூச்சு. இந்த ஜோடி இல்லாவிட்டால் குதிரைத்திறன் என்ற சொல் நம்ம ஆர்சி புத்தகம் பக்கம் வந்தே இருக்காது என்று தோன்றுகிறது.

பில் எப்படிப் போடுவது?

கார்ன்வால் பகுதியின் தகரச் சுரங்கங்களும் செம்புச் சுரங்கங்களும்தான் முதல் பெரிய சந்தை. அங்கே நிலக்கரி கிடையாது. கடல்வழியாக வரவேண்டும், விலை அதிகம். ஏற்கெனவே நியூகோமன் எஞ்சின் வைத்திருந்தவர்களிடம் வாட்டும் போல்டனும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். எங்கள் எஞ்சினால் எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ அதில் மூன்றில் ஒரு பங்கின் விலை எங்களுக்கு. எஞ்சின் எத்தனை அடி அடித்தது என்று எண்ண, பூட்டுப் போட்ட பெட்டிக்குள் ஒரு கவுன்ட்டர். கிட்டத்தட்ட இன்றைய மின்மீட்டர்தான். முதலாளிகள் முதலில் சந்தோஷமாகக் கொடுத்தார்கள், பிறகு முணுமுணுத்தார்கள், கடைசியில் கோர்ட்டுக்குப் போனார்கள்.

சுரங்கச் சந்தை எத்தனை நாளைக்கு? மாவு மில், மதுபான ஆலை, பஞ்சாலை எல்லாம் எஞ்சினுக்குக் காத்திருக்கின்றன என்று போல்டன் நச்சரித்தார். ஆனால் அங்கே மேலும் கீழும் ஆடும் எஞ்சின் ஆகாது, சுற்றவேண்டும். அதற்கு எளிய வழியான கிராங்க்கை 1780-ல் ஜேம்ஸ் பிக்கார்ட் என்பவர் காப்புரிமையில் பூட்டிவிட்டார். தன் பட்டறை ஆள் ஒருவர் மதுக்கடையில் உளறியதால்தான் அது கைவிட்டுப் போனது என்று வாட் நம்பினார். சளைக்கவில்லை. ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி இன்னொரு பல்சக்கரம் நகரும் சூரியன்-கோள் அமைப்பை 1781-ல் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஒரே அளவு என்றால், எஞ்சின் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் தண்டு இரண்டு முறை சுற்றிவிடும். சுற்று இரட்டிப்பு, திருப்பும் விசை பாதி. இதை நினைவில் வச்சுக்கோங்க, கியர் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

இப்போது புதுச் சிக்கல். மில்காரரிடம் பழைய நியூகோமன் எஞ்சினே கிடையாது. மிச்சமான நிலக்கரி என்று எதைக் கணக்கிடுவது? அவரிடம் இருந்தது குதிரை. ஆகவே அவர் கேட்கும் ஒரே கேள்வி, உங்க எஞ்சின் என்னுடைய எத்தனை குதிரைக்குச் சமம் என்பதுதான்.

எஞ்சினைக் குதிரையோடு ஒப்பிட்டுப் பேசியதில் வாட் முதல் ஆள் இல்லை. தாமஸ் சேவரி 1702-லேயே அப்படி எழுதியிருக்கிறார். வாட் செய்தது, அதை ஒரு உறுதியான எண்ணாக மாற்றி அந்த எண்ணின்மேல் கட்டணம் வைத்தது.

செக்கு சுற்றும் குதிரை

நம்ம ஊர் மரச்செக்கில் மாடு சுற்றுவதைப் பார்த்திருக்கீங்களா? அதே ஏற்பாடுதான் அன்றைய இங்கிலாந்து மில்களில். நடுவில் ஒரு செங்குத்துத் தண்டு, அதிலிருந்து ஒரு நீண்ட கை, கையின் முனையில் குதிரை. வாட் எடுத்துக்கொண்ட கணக்கு இது: குதிரை 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் நடக்கிறது. மணிக்கு 144 சுற்று, அதாவது நிமிஷத்துக்கு 2.4. இழுக்கும் விசை 180 பவுண்டு, ஏறக்குறைய 82 கிலோ.

வட்டத்தின் சுற்றளவு சுமார் 75 அடி. அதை 2.4-ஆல் பெருக்கி, 180-ஆல் பெருக்கினால் 32,500-க்குக் கொஞ்சம் மேலே வரும். வாட் அதை 1783-ல் 33,000 என்று முழுமையாக்கினார். ஒரு நிமிஷத்தில் 33,000 பவுண்டை ஓரடி உயர்த்துவது ஒரு குதிரைத்திறன். நம்ம அளவில் சொன்னால், 76 கிலோ ஆளைக் கயிற்றில் கட்டி நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் கிணற்றிலிருந்து மேலே இழுப்பது.

உண்மையான குதிரை நாள் முழுக்க இவ்வளவு இழுக்காது. பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் போட்ட கணக்கு 23,000-க்கும் கீழே. வாட் ஏன் கூட்டி வைத்தார்? எஞ்சின் வாங்கியவர் பத்துக் குதிரை என்றார்களே, எட்டுதான் இருக்கு என்று வந்து நிற்கக்கூடாது. எண்ணை ஏற்றிச் சொல்லி விற்கும் காலத்தில் வாழும் நமக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். அளவுகோலை வாங்குபவர் பக்கம் சாய்த்தது ஒரு விற்பனை உத்தி! கட்டணம் ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு, லண்டனில் 6 பவுண்டு.

சரி, இப்போது அந்தக் குதிரையின் கணக்கையே திருப்பிப் பாருங்க. 180 பவுண்டு இழுப்பு, 12 அடி நீளக் கை. இழுப்பையும் கையின் நீளத்தையும் பெருக்கினால் கிடைப்பதுதான் டார்க். நம்ம அளவில் அது ஏறத்தாழ 2,900 நியூட்டன் மீட்டர். அதோடு சுற்று வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது பவர். டார்க் என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததே 1880களில்தான். வாட் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. ஆனால் அவர் குதிரைத்திறனைச் செய்ததே டார்க்கை ஆர்பிஎம்-ஆல் பெருக்கித்தான்.

ஒரு சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் காரின் டார்க் சுமார் 110 நியூட்டன் மீட்டர். அப்போ ஒற்றைக் குதிரையின் டார்க் நம்ம காரைப்போல 26 மடங்கா? ஆமாம். ஆனால் குதிரை அதை நிமிஷத்துக்கு 2.4 சுற்றில் கொடுக்கிறது, கார் 4,000 சுற்றில் கொடுக்கிறது. கார் பக்கத்தில் போட்டால் 62 குதிரை.

ஸ்டெப்னி மாற்றும்போது நடப்பது

டார்க் புரிய இன்னொரு வழி. டயர் பஞ்சர், நட்டு இறுகிப்போச்சு. வீல் ஸ்பேனரின் முனையில் காலை வைத்து ஏறி நிற்கிறீங்க. உங்க எடை 60 கிலோ, ஸ்பேனர் நீளம் 30 சென்டிமீட்டர் என்றால் நீங்க கொடுப்பது சுமார் 175 நியூட்டன் மீட்டர். காரின் எஞ்சினைவிட அதிகம்! நட்டு அசையாமல் இருக்கும்வரை நீங்க கொடுத்த பவர் எவ்வளவு? பூஜ்யம். திருப்பும் விசை இருக்கு, சுற்று இல்லை.

பவர் கணக்கு போட ஒரு எளிய வழி உண்டு. டார்க்கை நியூட்டன் மீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்-ஆல் பெருக்கி, 9,550-ஆல் வகுத்தால் கிலோவாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட்.

இப்போ இரண்டு காரை எடுத்துக்குவோம். ஒன்று, 4,000 ஆர்பிஎம்-மில் 110 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் பெட்ரோல். இன்னொன்று, 1,750 ஆர்பிஎம்-மிலேயே 250 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் 1.5 லிட்டர் டர்போ டீசல். கணக்கு போட்டால் அந்தந்த ஆர்பிஎம்-மில் இரண்டும் கொடுப்பது ஒரே பவர், 46 கிலோவாட். வித்தியாசம் என்ன? டீசல்காரர் ஆக்ஸிலேட்டரில் காலை வைத்ததும் அது கிடைத்துவிடும். பெட்ரோல்காரர் கியரைக் குறைத்து, எஞ்சினை 4,000 வரை கத்தவிட்டு வாங்கவேண்டும்.

ஊருக்குள் ஓட்டும்போது நாம பெரும்பாலும் 1,500-க்கும் 3,000-க்கும் நடுவில்தான் சுற்றுகிறோம். தாளில் போட்டிருக்கும் அதிகபட்ச பவர் 6,000 பக்கம் இருந்தால், வாழ்நாளில் எத்தனை முறை அதைத் தொடுவோம்? ஆகவே டார்க் எவ்வளவு என்பதைவிட, எந்த ஆர்பிஎம்-மில் என்ற சின்ன எழுத்தை முதலில் படிங்க. டர்போ எஞ்சின் என்றால் பெரும்பாலும் ஒரு எல்லையாகவே போட்டிருப்பாங்க, 1,500 முதல் 2,750 வரை என்பது மாதிரி. அந்த எல்லை கீழே தொடங்கி அகலமாக இருந்தால் டிராஃபிக்கில் கியர் மாற்றும் தொல்லை குறையும்.

அப்போ பவர் வெறும் விளம்பரமா? இல்லவே இல்லை. இங்கேதான் பலபேர் தடுக்கி விழுகிறார்கள்.

கியர் டார்க்கைப் பெருக்கும், பவரைப் பெருக்காது. வாட்டின் சூரியன்-கோள் சக்கரம் செய்தது இதைத்தான், எதிர்த்திசையில். முதல் கியரும் கடைசிப் பல்சக்கரமும் சேர்ந்து 14 மடங்கு குறைக்கிறது என்று வச்சுக்குவோம். எஞ்சினின் 110, சக்கரத்தில் 1,540 ஆகிவிடும், ஆனால் சுற்று 14-ல் ஒன்றாகக் குறையும். ஐந்தாவது கியரில் வெறும் 3 மடங்கு சொச்சம்தான். ஆகவே நெடுஞ்சாலையில் ஒரு லாரியை ஓவர்டேக் செய்யும்போது, அந்த நொடியில் எஞ்சினிலிருந்து எவ்வளவு பவர் எடுக்கிறீங்க என்பதுதான் கார் பாய்வதைத் தீர்மானிக்கும். ஐந்தாவது கியரில் 1,750 ஆர்பிஎம்-மில் இருக்கும் அந்தச் சின்ன பெட்ரோல் எஞ்சினிடம் அப்போது இருப்பது 25 குதிரைக்கும் குறைவு. மிதித்தாலும் வராது. மூன்றாவதுக்கு இறக்கினால் அதே எஞ்சின் இன்னும் அதிகக் குதிரை தரும். எதிரே பஸ் வரும்போது இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல. கியரைக் குறைத்துவிட்டு வெளியே வாங்க.

200 குதிரைத்திறன் காரும் இருக்கு, 200 குதிரைத்திறன் லாரியும் இருக்கு. கார் எஞ்சினைத் தூக்கி லாரியில் வைத்தால் என்ன? தகுந்த கியர் போட்டால் இழுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாள் முழுக்க 5,000, 6,000 ஆர்பிஎம்-மில் கதறிக்கொண்டே இழுக்கவேண்டும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிளட்ச் புகையும். லாரி எஞ்சின் அதே பவரை 2,500-க்குள் நிதானமாகக் கொடுக்கும். அந்த நிதானத்துக்குத்தான் பெரிய சிலிண்டர், கனமான கிராங்க்.

மின்சார காரில் இந்தக் கதை இன்னும் சுவாரஸ்யம். மோட்டார் நின்ற நிலையிலேயே முழு டார்க் கொடுக்கும். சிக்னலில் பச்சை விழுந்ததும் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்வது அதனால்தான். ஆனால் கார் அசையத் தொடங்கும் அந்தக் கணத்தில் பவர் பூஜ்யம், நட்டு மேல் நிற்கும் உங்களைப்போலவே. சக்கரம் சுற்றச் சுற்றத்தான் பவர் ஏறும்.

எஞ்சினுக்கு ஒரு கடிவாளம்

மறுபடி வாட்டிடம் வருவோம். 1785-ல் லண்டனின் விட்பிரெட் மதுபான ஆலையில் ஒரு எஞ்சின் வைத்தார்கள். அதுவரை அங்கே ஆலைச் சக்கரத்தைச் சுற்றியது குதிரைகள். இரண்டு ஆண்டு கழித்து மூன்றாம் ஜார்ஜ் மன்னரே ராணியோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மில் எஞ்சினில் ஒரு தொல்லை உண்டு. மாவுக்கல்லில் தானியம் குறைந்தால் எஞ்சின் தறிகெட்டு ஓடும், அதிகமானால் திணறும். காற்றாலைகளில் கற்களைக் கட்டுப்படுத்த ஏற்கெனவே இருந்த சுழலும் குண்டு அமைப்பை போல்டன் ஒரு மில்லில் பார்த்துவிட்டு வாட்டுக்கு எழுதினார். 1788-ல் வாட் அதை எஞ்சினில் மாட்டினார். தண்டு வேகமாகச் சுற்றினால் இரண்டு இரும்புக் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். மெதுவானால் குண்டுகள் இறங்கி நீராவியைக் கூட்டும். ஏசி போட்டதும் உங்க காரின் ஐடிலிங் தடுமாறி, தானாகவே நிமிர்ந்துகொள்கிறதே, அந்த வேலையை இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது.

இன்னொரு கருவியும் அந்தப் பட்டறையில் பிறந்தது. சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டும் இண்டிகேட்டர். வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796-ல் அதில் பென்சிலும் நகரும் பலகையும் சேர்த்தார். எஞ்சின் தன் வேலையைத் தானே படமாக வரைந்தது. இன்று ரிவ்யூக்களில் காட்டும் வளைகோட்டுப் படங்களுக்கு அது தாத்தா முறை. கம்பெனி அதை வெளியே சொல்லவே இல்லை, ரகசியமாகப் பொத்தி வைத்திருந்தது.

இப்போ ஒரு கணக்கு. அந்தக் காலத்தில் பரவலாக விற்ற 10 குதிரைத்திறன் மில் எஞ்சின் ஒன்று, தண்டு நிமிஷத்துக்கு 40 சுற்று என்று வச்சுக்குவோம். டார்க் சுமார் 1,780 நியூட்டன் மீட்டர். ஒரு கட்டடத்தையே அடைத்து நிற்கும் எஞ்சின் அது. நம்ம தெருவில் நிற்கும் 125 சிசி பைக்கும் ஏறக்குறைய அதே 10 குதிரைத்திறன்தான். டார்க் மட்டும் 10, 11 நியூட்டன் மீட்டர். பைக் 7,500 ஆர்பிஎம் வரை சுற்றிச் சமாளிக்கிறது. பைக் எஞ்சினால் மாவுக்கல்லை நேராகத் திருப்ப முடியாது, வாட் எஞ்சினை டேங்குக்குக் கீழே மாட்டவும் முடியாது.

வண்டி மட்டும் வேண்டாம் என்றவர்

வாட்டுக்கு எல்லாவற்றிலும் தொலைநோக்கு இருந்தது என்று சொல்லமுடியாது. 1784 காப்புரிமையில் நீராவி வண்டி யோசனையையும் சேர்த்தார். ஆனால் செய்யவில்லை. அவருடைய ஊழியர் வில்லியம் மர்டாக் அதே காலத்தில் கார்ன்வாலில் ஒரு குட்டி நீராவி வண்டியை ஓட்டிக் காட்டினார். வாட்டும் போல்டனும் அவரைத் தட்டிக்கொடுக்காமல் பழைய வேலைக்கே திருப்பினார்கள். வண்டிக்குச் சின்ன எஞ்சின் வேண்டும், அதற்கு உயர் அழுத்த நீராவி வேண்டும். உயர் அழுத்தம் என்றாலே வாட்டுக்கு வெடிவிபத்து பயம். பயத்தில் நியாயமும் இருந்தது, அன்றைய கொதிகலன்கள் அப்படி. ஆனால் காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்ததால், 1800 வரை பிறர் முன்னேறுவதையும் அவர் தடுத்தார் என்ற குற்றச்சாட்டு வரலாற்று ஆய்வாளர்களிடம் இன்றும் உண்டு. காப்புரிமை முடிந்த அடுத்த ஆண்டே ரிச்சர்ட் டிரெவிதிக் உயர் அழுத்த நீராவி வண்டியைத் தெருவில் ஓட்டினார்.

கார்களின் பவரை எந்தப் பெயரால் அளக்கிறோமோ, அவர் வண்டி செய்ய மறுத்தவர்!

1800-ல் வாட் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். கையில் தேவையான பணம் இருந்தது. இரண்டாவது மனைவி ஆன், பர்மிங்ஹாமை ஒட்டிய ஹேண்ட்ஸ்வொர்த்தில் பெரிய வீடு. ஆனால் அந்த மணவாழ்வில் பிறந்த மகள் ஜெஸ்ஸி 1794-ல் இறந்தாள். மிகவும் நம்பியிருந்த மகன் கிரிகரி 1804-ல் காசநோயில் போனான். வயதான வாட் வீட்டின் மாடி அறையில் தன் கருவிகளோடு உட்கார்ந்து, சிலைகளை அச்சுப் பிசகாமல் நகலெடுக்கும் ஒரு இயந்திரத்தைச் செய்துகொண்டிருந்தார். 1819 ஆகஸ்ட் 25-ல் 83 வயதில் இறந்தார்.

அந்த மாடி அறையைப் பல ஆண்டு யாரும் கலைக்கவில்லை. 1924-ல் அதை அப்படியே லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். விட்பிரெட் ஆலை எஞ்சின் 1887 வரை, 102 ஆண்டு உழைத்தது. இப்போது ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பவர் அளவுக்கு அவர் பெயரையே வைக்கலாம் என்று 1882-ல் வில்லியம் சீமென்ஸ் என்ற பொறியாளர் முன்மொழிந்தார். அப்படி வந்ததுதான் வாட், கிலோவாட். இப்போது மின்சார கார்களின் தாளில் குதிரையை எடுத்துவிட்டுக் கிலோவாட்டை மட்டும் போடத் தொடங்கியிருக்கிறார்கள். சில நிறுவனங்கள் இரண்டையும் போடுகின்றன, ஒரே எண்ணை இரண்டு விதமாக. அதற்குக் கீழே அடுத்த வரியில் டார்க், எந்த ஆர்பிஎம்-மில் என்ற சின்ன எழுத்தோடு.